தெர்மாகோல் வாத்து ஏன் கவிழ்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். நீங்கள் தேவகோட்டை பக்கம். உங்கள் அயித்தான் கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் இருக்கிறார், அங்கே முறைப்படி அனுமதி வாங்கி வாத்து வேட்டைக்குப் போகிறவர். சித்திரையில் ஊருக்கு வந்து திரும்பும்போது, காட்டு வாத்துகளை ஏமாற்றி இறங்கவைக்கத் தண்ணீரில் மிதக்க விடும் பொம்மை வாத்துகள் பன்னிரண்டைக் கையால் செய்து அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது உங்கள் ஆசை. வீடியோ பார்த்துத் தெர்மாகோலில் இரண்டு செய்தீர்கள். ஒன்று ஸ்பிரே பெயின்ட் பட்டதும் அரித்துக் குழிந்துவிட்டது. இன்னொன்று தண்ணீரில் விட்டதும் புரண்டு வயிற்றைக் காட்டியது. எந்தப் பசை, எந்தப் பெயின்ட், நம்ம ஊர்க் கண்மாயில் விட்டுச் சோதிக்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நாலாவதாக ஒன்று இருக்கிறது. எடையே இல்லாத ஒரு நுரைக்கட்டியை, உயிருள்ள வாத்து உட்கார்கிற மாதிரி தண்ணீரில் உட்கார வைப்பது எப்படி? அதுதான் கஷ்டமான பாகம். அதற்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

எனக்கு மரவேலை பரம்பரைத் தொழில். அப்பா வாகனமும் கதவு நிலையும் செதுக்கினவர். நான் இருபத்திரண்டு வருஷமாகக் காரைக்குடியில் கல்யாண மேடைக்கும் கோயில் அலங்காரத்துக்கும் தெர்மாகோலிலும் நுரைப் பலகையிலும் வேலை செய்கிறேன். சில கோயில் தெப்பங்களுக்கு மேற்கட்டு கட்டியிருக்கிறேன். தண்ணீரில் எது நிற்கும், எது சாயும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான். பறவைப் படம் எடுக்கும் நண்பர்கள் கேட்டதற்காகவும், வெளிநாட்டில் வேட்டைக்குப் போகும் இரண்டு வாடிக்கையாளர்களுக்காகவும் பொம்மை வாத்து செய்து கொடுத்திருக்கிறேன். நான் துப்பாக்கி தொட்டவனில்லை. ஆகவே செதுக்கலிலும் மிதப்பிலும் நான் சொல்வது கைகண்டது. எதை வைத்தால் வாத்து இறங்குகிறது என்ற விஷயத்தில், அந்த இருவர் எழுதிச் சொன்னதும் நான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பார்த்ததும் மட்டுமே என்னிடம் உண்டு.

கரைந்த கதையை முதலில் முடித்துவிடுவோம். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் மணிகளை ஆவியில் பொங்க வைத்து ஒட்டின பலகை. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்று. அந்தப் பிளாஸ்டிக்கைப் பெட்ரோலும் தின்னரும் அசிட்டோனும் கரைத்துவிடும். ஸ்பிரே பெயின்டில் இருப்பது அந்த மாதிரிக் கரைப்பான்தான். செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடும் ரப்பர் பசை, ஃபெவிக்விக், டர்பன்டைன் கலந்த எனாமல் எல்லாம் இதே வகை. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையும் அக்ரிலிக் பெயின்டும் அதைத் தொடாது. இரண்டு டியூபில் வரும் அரால்டைட் மாதிரி எபாக்சியும் தொடாது. பலரும் ஏமாறுகிற இடம் ஃபைபர் வேலை செய்கிறவர்களின் ரெசின். அது பெரும்பாலும் பாலியெஸ்டர், அதில் ஸ்டைரீன் கலந்திருக்கும். ஒரு கல்யாண மேடைக்கு ஆறடி உயர அன்னம் செதுக்கி, உறுதியாக இருக்கட்டும் என்று ஃபைபர் பூசக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போய்த் தட்டினால் கழுத்து ஓட்டைப் பானை மாதிரி ஒலிக்கிறது. வெளியே தோல், உள்ளே ஒன்றுமில்லை. மூன்று நாள் வேலை ஒரு ராத்திரியில் போனது. அதிலிருந்து எந்தப் புது டப்பாவையும் முதலில் ஒரு துண்டுத் தெர்மாகோலில் தடவி, அரைமணி நேரம் காத்திருந்து பார்க்காமல் வேலையில் வைப்பதில்லை.

எந்த நுரை நல்லது? பொட்டலம் கட்டும் மெல்லிய தெர்மாகோல் வேண்டாம், விரல் அழுத்தினாலே பள்ளம் விழும். கடையில் அடர்த்தி சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கன மீட்டருக்கு 24, 25 கிலோ என்றால் செதுக்கவும் வரும், அடியும் தாங்கும். கூரை வெப்பத்துக்குப் போடும் எக்ஸ்ட்ரூடட் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. நீலம், இளஞ்சிவப்பு என்று நிறம் ஏற்றி வரும். மணி மணியாகப் பிரியாது, தண்ணீரும் உள்ளே ஏறாது. தெர்மாகோலில் மணிகளுக்கு நடுவே உள்ள சந்தில் நாளடைவில் தண்ணீர் புகும், அதனால் மேல்பூச்சு கட்டாயம். டிவி பெட்டியில் வரும் வளையும் வெள்ளை நுரை பாலித்தீன், அதில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, விட்டுவிடுங்கள். தஞ்சாவூர் நெட்டியைக் கேட்டவர்களும் உண்டு. அதுவும் எடையில் லேசானதுதான், ஆனால் தண்ணீரைக் குடித்துவிடும்.

இனி மிதப்பு. மல்லார்டு என்கிற பச்சைத்தலைக் காட்டு வாத்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அந்த எடைக்குத் தண்ணீரில் அது எவ்வளவு அமிழுமோ, அந்தக் கோட்டைத்தான் மேலே பறக்கும் வாத்து பார்க்கிறது. நீங்கள் செய்த அளவில், நாற்பது சென்டிமீட்டர் நீளம், பதினேழு அகலம், பத்து உயரத்தில் ஒரு நுரை உடல் நூறு கிராம்தான் இருக்கும். அதைத் தண்ணீரில் விட்டால் காகிதக் கப்பல் மாதிரி மேலே நிற்கும். காற்று அடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அதன் மேல் மரத்தலை வைத்தீர்கள் என்றால் பாரம் மேலே, பிடிமானம் கீழே ஒன்றுமில்லை. அப்புறம் கவிழாமல் என்ன செய்யும்? திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பம் பார்த்திருப்பீர்கள். மேலே எவ்வளவு அலங்காரம் ஏற்றினாலும் அது அசையாமல் வருவதற்குக் காரணம் அடித்தளத்தின் அகலமும், பாரம் எங்கே உட்கார்கிறது என்ற கணக்கும். தெப்பத்துக்கு அகலம் கொடுக்கலாம். வாத்துக்கு வாத்தின் அகலம்தான் கொடுக்க முடியும். ஆகவே பாரத்தைக் கீழே இறக்க வேண்டும்.

அதற்குத்தான் அடிக்கட்டை. படகுக்கு ஏரா இருக்கிற மாதிரி, வயிற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு மரச்சட்டம். இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம், ஐந்து உயரம், இரண்டு கனம் போதும். அந்தச் சட்டத்தின் கீழ் விளிம்பில் பாரம் வையுங்கள். வயிற்றுக்குள்ளே புதைத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும், ஐந்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால்தான் அது நெம்புகோலாக வேலை செய்யும். பாரத்துக்கு ஈயம் வேண்டாம். ஈயம் நீர்ப்பறவைக்கு நஞ்சு. ஈயக் குண்டுகளை விழுங்கி வாத்துகள் சாகின்றன என்பதால் அமெரிக்காவில் 1991-லும் கனடாவில் 1999-லும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்தார்கள். கட்டடக் கம்பி போதும். 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ என்பது கம்பி கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அதில் பதினாறு சென்டிமீட்டர் வெட்டினால் கால் கிலோ. துருப்பிடிக்காமல் எபாக்சி பூசிக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பாருங்கள். நுரை உடல் நூறு, மரத்தலை நூற்றிருபது, மேல்பூச்சும் பெயின்டும் இருநூறு, அடிக்கட்டை நூற்றைம்பது, கம்பி இருநூற்றைம்பது. மொத்தம் எண்ணூற்றிருபது கிராம். நிஜ வாத்தை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் வயிறு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அமிழ்ந்து நிற்கும். அது போதும். இந்த எண்களை அப்படியே வேதமாக எடுக்காதீர்கள், உங்கள் நுரையும் மரமும் மாறினால் எடையும் மாறும். கம்பியை முதலில் நிரந்தரமாகப் பொருத்தவும் கூடாது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, அதால் கம்பியை அடிக்கட்டையோடு இறுக்கிக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். மூக்கு தாழ்ந்தால் கம்பியைப் பின்னுக்குத் தள்ளுங்கள், வால் தாழ்ந்தால் முன்னுக்கு. ஒரு விரற்கடை நகர்த்தினாலே முகம் மாறும். சரியான இடம் கிடைத்த பிறகு அங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சோதிக்கக் கண்மாய் தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்துப் பித்தளை அண்டா ஒன்று இருக்கிறது, கல்யாணத்துக்குச் சோறு வடித்தது. முற்றத்தில் அதில் தண்ணீர் நிரப்பித்தான் நான் எல்லா வாத்தையும் பார்ப்பேன். மழைக்காலத்தில் ஒரு நாள் தாழ்வாரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணை அண்டா விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்தேன். கம்பி இல்லாமல் விட்ட வாத்து, கூரையிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொட்டுக்கும் தலையை ஆட்டியது, தலையாட்டிப் பொம்மை மாதிரி. கம்பி கட்டினதும் சொட்டு விழுந்தால் உடம்பு மட்டும் மெதுவாக ஒருமுறை ஏறி இறங்கியது, தலை அப்படியே நின்றது. அந்த இரண்டு அசைவுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொம்மைக்கும் வாத்துக்கும் உள்ள வித்தியாசம். கடைசிச் சோதனை ஒன்று உண்டு. வாத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரில் போடுங்கள். தானே புரண்டு நிமிர வேண்டும். உங்கள் அயித்தான் விடியுமுன் இருட்டில், குளிரில், கை விறைக்க வீசிப் போடப் போகிறார். ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருக்காது.

செதுக்கும் முறை சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் ஐந்து சென்டிமீட்டர் கனத் தாள் இரண்டு வாங்கினால் ஐந்து உடல் வரும். பன்னிரண்டுக்கு மூன்று ஜோடி வேண்டும். இரண்டு தாளை ஒட்ட வெள்ளைப் பசையை முழுப்பரப்பிலும் பூசினால் நடுவில் காயவே காயாது, ஈரம் வெளியேற வழி கிடையாது. எபாக்சியைப் புள்ளி புள்ளியாக வைத்து மூங்கில் ஆணி நான்கு குத்திவிடுங்கள். பக்கவாட்டு உருவத்தையும் மேலிருந்து பார்க்கும் உருவத்தையும் அட்டையில் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் பக்கவாட்டை அறுத்து, வெட்டி விழுந்த துண்டுகளை மறுபடி அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் இரண்டாவது உருவத்தை வரைந்து அறுங்கள். அப்படிச் செய்தால்தான் கட்டி அசையாமல் உட்கார்ந்து கொடுக்கும். சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்தால் மணி சிதறாது. ஆனால் அந்தப் புகை தலைவலி தரும், மூடின அறையில் செய்யவே கூடாது. பிறகு அரம், கடைசியில் உப்புத்தாள். விழுகிற தூளைச் சாக்கில் சேர்த்துவையுங்கள். வாய்க்காலில் போனால் கண்மாயில் போய்ச் சேரும். மீனும் தின்னும், மாடும் தின்னும்.

தலையை நுரையில் செய்யாதீர்கள். மூக்கு உடைவது நிச்சயம். குமிழ் மரம் மென்மையாகவும் நேர் ரேகையாகவும் இருக்கும், உளிக்கு நன்றாக வரும். தலையிலிருந்து ஒரு நீண்ட போல்ட், உடலைத் துளைத்துக்கொண்டு அடிக்கட்டை வரை இறங்கி, கீழே சிறகு நட்டில் முறுக்கும்படி வையுங்கள். நுரையில் திருகாணி பிடிக்காது. தலை, உடல், அடிக்கட்டை மூன்றும் ஒன்றை ஒன்று நெருக்கிப் பிடித்தால்தான் நிற்கும். போல்ட்டுக்கு இன்னொரு பயன் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தலையை எப்படி வைப்பது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். அழகாக இருக்கட்டும் என்று கழுத்தை நிமிர்த்திச் செதுக்குவார்கள். கழுத்தை நீட்டி நிற்கும் வாத்து பயந்த வாத்து. ஆள் வந்திருக்கிறான், பறக்கப் போகிறேன் என்று அர்த்தம். கண்மாயில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பாருங்கள், நிம்மதியாக இருக்கும் தாரா கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, மூக்கு நெஞ்சுக்கு நேரே தாழ்ந்துதான் இருக்கும். பன்னிரண்டில் எட்டு அப்படி இருக்கட்டும். இரண்டு தலையைத் திருப்பி முதுகில் செருகித் தூங்கட்டும். இரண்டு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கட்டும். வாலும் முக்கியம். மேலே மேயும் வாத்துகள், அதாவது மல்லார்டு, நம்ம புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் எல்லாம், வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருக்கும். முங்கி இரை தேடும் இனங்கள் வால் தண்ணீரைத் தொடும்படி தாழ்ந்து உட்காரும். மல்லார்டு செய்துவிட்டு வாலை நனைய விட்டீர்கள் என்றால் வண்ணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் உருவம் பொய் சொல்லும்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் போட்ட படத்தில் மஞ்சள் நுனி வைத்த கறுப்பு மூக்கும், அடியில் சிவப்புப் பொட்டும் இருக்கிறது. அது நம்ம கண்மாயின் புள்ளிமூக்கு வாத்து. பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள், ஆனால் அது கனடாவில் கிடையாது. அங்கே தேவை மல்லார்டு. ஆணுக்குப் பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், செம்பழுப்பு நெஞ்சு, சாம்பல் விலா. பெண்ணுக்கு உடம்பெல்லாம் பழுப்பில் கறுப்புச் செதில். மாதிரிக்கு எங்கே போவது என்றால், அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் பட்டி போடுவார்களே, அங்கே போங்கள். வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை மல்லார்டின் வழி வந்தவை, அந்தக் கூட்டத்தில் பச்சைத்தலை ஆண்கள் தென்படும். ஆனால் கரையில் நடப்பதைப் பார்த்து அளவெடுக்காதீர்கள், வீட்டு வாத்து வயிறு பெருத்து நிமிர்ந்து நடக்கும். வண்ணத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், உடம்பைக் கண்மாய்த் தாராவிலிருந்து எடுங்கள். இன்னொன்று, பச்சைத்தலை அழகு என்று பன்னிரண்டும் ஆணாகச் செய்யாதீர்கள். அங்கே வேட்டைக் காலம் செப்டம்பரில் தொடங்கும்போது ஆண் மல்லார்டுகள் இறகு உதிர்த்துப் பெண் மாதிரி பழுப்பாகத்தான் இருக்கும். எட்டு பழுப்பு, நாலு பச்சைத்தலை என்றால் காலம் முழுதும் உதவும்.

மேல்பூச்சுக்குப் பழைய சணல் சாக்கை விட நல்லது இல்லை. பிரித்துத் துவைத்துக் காயவைத்து, வாத்தின் உடலுக்குத் தக்கபடி வெட்டி, தண்ணீருக்குத் தாங்கும் மரப்பசையில் நனைத்து இழுத்து ஒட்டுங்கள். ஃபெவிகால் மரைன் அந்த வகை. சாதாரண வெள்ளைப் பசை ஊறினால் மறுபடி இளகிவிடும். வட அமெரிக்காவில் பழைய வேட்டைக்காரர்களும் இப்படிச் சாக்குப் போர்த்துகிறார்கள் என்று என் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும். இங்கே தேர்ப் பொம்மைக்குத் துணி ஒட்டி மேலே பூசுகிற வேலையும் அதேதான். சாக்கின் சொரசொரப்பு பெயின்டின் பளபளப்பைக் கொன்றுவிடும், அதுதான் வேண்டியது. பெயின்ட் அக்ரிலிக்கில் மேட் வகை. வெளிச்சுவர் எமல்ஷனில் மேட் கேட்டு வாங்கிச் சாயம் கலந்தாலும் சரி. இன்னும் மங்க வேண்டுமானால் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது மாவாகச் சலித்த மரத்தூளைத் தூவித் தட்டிவிட்டு மேலே ஒரு கை அடியுங்கள். நிஜ இறகு ஒட்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். காட்டுப் பறவை இறகை வைத்திருப்பதும் எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் சட்டச் சிக்கல்.

கட்டும் கயிறு அடிக்கட்டையின் முன் நுனியில்தான் வர வேண்டும். நடுவில் கட்டினால் வாத்து காற்றுக்குக் குறுக்கே கிடக்கும். முன்னால் கட்டினால் தானாகவே காற்றை எதிர்த்துத் திரும்பும். நிஜ வாத்தும் அப்படித்தான் உட்காரும், அப்படித்தான் இறங்கும். கயிற்று நீளம் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் உண்டு. பறவைக் கண்ணில் நிறம் பிரிக்கும் உயிரணு நான்கு வகை, நமக்கு மூன்று. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி அவற்றுக்குத் தெரியும். இது நிச்சயம். ஆனால் அதற்கென்று தனிப் பெயின்ட் அடித்தால்தான் வாத்து வரும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் இன்னும் நம்பவில்லை. என் வாடிக்கையாளர்கள் இருவரில் ஒருவர் வாங்கினார், ஒருவர் வாங்கவில்லை, இருவரும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். அதேபோல, எத்தனை பொம்மை வைத்தால் கூட்டம் இறங்கும், எந்த வடிவத்தில் பரப்பணும் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இறங்குவதற்கு நடுவே திறந்த இடம் விடணும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அசைவே இல்லாத தண்ணீரில் எவ்வளவு நல்ல பொம்மையும் செத்துக் கிடக்கும் என்றும் சொன்னார்கள், அதை நானே பார்த்தேன். ஒரு மார்கழிக் காலையில், படம் எடுக்கும் நண்பர்களுக்காக ஆறு புள்ளிமூக்குப் பொம்மைகளை ஒரு தோட்டக்காரரின் குளத்தில் அவர் சம்மதத்தோடு விட்டோம். காற்றில்லாத வரை ஒரு பறவை எட்டிப் பார்க்கவில்லை. ஏழரை மணி வாக்கில் தென்னை ஓலை ஆடத் தொடங்கி, தண்ணீரில் சிற்றலை வந்து, பொம்மைகள் ஆறும் ஒரே பக்கம் திரும்பின. அப்புறம்தான் மூன்று தாரா சுற்றி வந்து முப்பதடி தள்ளி இறங்கின. கொஞ்சம் நீந்தி வந்து பார்த்தன. பதில் இல்லாததைக் கண்டோ என்னவோ, சத்தமில்லாமல் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. காற்றுதான் காரணமா, நேரம்தான் காரணமா என்று ஒரே காலையை வைத்துச் சொல்ல மாட்டேன்.

இது புதிய யோசனையும் இல்லை. நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924-ல் பதினொரு பொம்மை வாத்துகள் கிடைத்தன. நம்ம சம்பங்கோரை மாதிரி நீரில் வளரும் ஒரு புல்லை மடித்துக் கட்டி, வண்ணம் தீட்டி, இறகு சொருகிச் செய்தவை. சுமார் 2000 ஆண்டுப் பழசு. தமிழில் இதற்குப் பெயரே இருக்கிறது, பார்வை. சங்கப் பாட்டில் வேடர் வீட்டு முற்றத்தில் விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது. கூண்டில் பழக்கிய கௌதாரியைப் பார்வை வைத்துக் காட்டுக் கௌதாரி பிடிப்பதை நம்ம பக்கப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவிலும் முன்பு உயிர் வாத்தையே கட்டி வைத்து வேட்டையாடினார்கள், 1935-ல் அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு பொம்மை ஒன்றுதான் வழி. ஆகவே நீங்கள் செய்வது பார்வை வாத்து. அந்தப் பெயரையே சொல்லி அயித்தானிடம் கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

கடைசிக் கேள்வி, நம்ம கண்மாயில் விடலாமா. இதில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. வலை, கண்ணி, விரட்டுவது, இரை காட்டி வரவழைப்பது, இதற்கெல்லாம் செய்யும் முயற்சியும் வேட்டைதான். பொம்மை செய்வது குற்றமில்லை. ஆனால் கண்மாயில் பார்வை வாத்தைப் பரப்பிவிட்டுக் கரையில் ஒருவன் ஏர்கன்னோடு உட்கார்ந்தால் அது விளையாட்டு இல்லை, குற்றம். உங்கள் எண்ணம் அது இல்லை என்று தெரியும், ஆனால் இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் வரலாம் என்பதால் எழுதுகிறேன். சின்ன வயதில் சந்தையில் கூடையில் கால் கட்டிய தாராக்களை நானும் பார்த்திருக்கிறேன். அது திரும்பி வரக் கூடாது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் 1977-லிருந்து சரணாலயம் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயப்படக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அப்படி ஒரு ஊர் இருக்கிற மண்ணில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நீலச்சிறகி மாதிரி மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வந்து இளைப்பாறுகிறவற்றை, வெறும் சோதனைக்காகக் கூட இறக்கி ஏமாற்றுவது, நானே ஒருமுறை படத்துக்காகச் செய்திருந்தாலும், இப்போது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் மிதக்க விடக் கூடாது. அண்டாவில் பாருங்கள், தோட்டத்துத் தொட்டியில் பாருங்கள். அலை வேண்டுமென்றால் ஒரு ஆள் கையால் தண்ணீரை அலம்பிக் கொடுத்தால் போதும். சித்திரைக்கு முன் காற்றோடு பார்த்தே ஆகவேண்டும் என்றால், பறவை இல்லாத சொந்தக் கிணற்றுத் தொட்டியில் விட்டு, எண்ணி விட்டதை எண்ணித் திரும்ப எடுங்கள்.

அனுப்புகிற விஷயம். பன்னிரண்டும் முழுதாகச் சேர்ந்தால் பத்து கிலோவுக்குப் பக்கம் வரும், இடமும் நிறைய அடைக்கும். அதற்குத்தான் தலையைப் போல்ட்டில் கழற்றும்படி வைக்கச் சொன்னேன். தலைகளைத் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள், உடல்களை வயிற்றோடு வயிறு மாற்றி அடுக்குங்கள். கம்பிகளை இங்கே பொருத்திச் சோதித்து, கோடு போட்டு, கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு அங்கேயே கிடைக்கும், அதே நீளம் வெட்டி அதே கோட்டில் அவர் கட்டிக்கொள்வார். மூன்று கிலோ மிச்சம். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தால் விளக்கமாகச் சொல்ல, வேலை நடக்கும்போது எடுத்த நாலு படம் அவர் போனில் இருக்கட்டும்.

அடுத்த வாத்தை முடித்ததும் இங்கே படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மேலிருந்து எடுக்காதீர்கள், அதில் வண்ணம்தான் தெரியும். அண்டாவில் விட்டு, தரையில் படுத்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வைத்துப் பக்கவாட்டில் எடுங்கள். எவ்வளவு அமிழ்கிறது, வால் எவ்வளவு தூக்கி இருக்கிறது என்று தெரிந்தால், கம்பியை எந்தப் பக்கம் நகர்த்தணும் என்று சொல்லிவிடலாம்.